கதவுக்குள் இலவம்பஞ்சு

சத்தியம் தம்பி. மெதுவாகச் சொன்னால் சத்தியத்துக்கு மதிப்பில்லை என்பதால் இந்தப் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரியே சொல்கிறேன். இனி நான் பேசப்போவதில் ஒரு சொல்லாவது பொய்யாக இருந்தால், உங்கள் மடியில் இருக்கிறதே இந்த ஸ்பீக்கர் பெட்டி, இதன் மேல் அடித்துச் சொல்கிறேன், இது வாயே திறக்காமல் போகட்டும். என்ன, பெட்டியை அந்தப் பக்கம் நகர்த்துகிறீர்கள்? உடையாது. பெட்டி உங்களுடையதாக இருந்தால் என்ன, சத்தியம் என்னுடையதுதானே.

காருக்குத்தானே? முதல் தடவை மாட்டுகிறீர்கள். நான் கேட்கவில்லை, சொல்கிறேன். பழகினவன் பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டுத் தூங்குவான். நீங்கள் பச்சைப்பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி வைத்திருக்கிறீர்கள். தேனி போகிறவரைக்கும் நேரம் கிடக்கிறது. காருக்குப் பாட்டு மாட்டின ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு உதவும்.

ஆள் வேறு யாருமில்லை. என் தங்கச்சி வெள்ளத்தாயைக் கட்டின மாப்பிள்ளை, கோட்டைச்சாமி. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கிட்டங்கியில் மேஸ்திரி. ஏலக்காயைத் தூர நின்று பார்த்தே பச்சை எது, பழுப்பு எது என்று சொல்லிவிடுவார். மற்ற விஷயத்துக்கெல்லாம் என்னைத்தான் கேட்பார். அவ்வளவு நம்பிக்கை.

அவருக்கு ஒரு தங்கச்சி, பவுனு. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஊர்ப் பேர் வேண்டாம், முன் சீட்டிலேயே அந்த ஊர்க்காரர் இருந்தாலும் இருப்பார். பவுனுக்கு ரொம்ப வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். காது குத்தினால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? மூத்த தாய்மாமன் கோட்டைச்சாமி. ஆகவே அவர் மடிதான் மடி. இதில் யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது. வந்தது. ஏனென்றால் இளைய தாய்மாமன் ஒருத்தன் இருக்கிறான், சுருளிவேல். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அவன் ஒரு வேன் நிறையச் சீர் ஏற்றிக்கொண்டு வருகிறான், கட்டில் வருகிறது, பீரோ வருகிறது, கொம்புக்கு வெள்ளிப்பூண் போட்ட கிடாய் வருகிறது என்று ஒரு செய்தி. பின்னாலேயே பவுனு மாமியார் சொன்னதாக இன்னொரு செய்தி.

"யாரு கவுரவமா வந்து எறங்குறாகளோ அவுக மடியில உக்கார வச்சிட்டுப் போவோம். இதுல மூத்தவுக என்ன, எளையவுக என்ன?"

கோட்டைச்சாமி அன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "மச்சான், சோறா எறங்கும்? ஆத்தா செத்தப்பறம் பவுனு இந்த மடியில கெடந்து வளந்தவ. அவ புள்ளைக்கு இந்த மடி ஆகாதுன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தச் சபையில நிக்கிறது?" என்றார்.

பெரிய மனுஷன் கண்ணில் தண்ணீர் தம்பி. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்னால்?

"சீர்ல அவனோட முட்ட முடியாது மாப்பிள்ளை. சத்தத்துல முட்டுவோம்" என்றேன்.

விஷயம் இதுதான். சீர் கொண்டுவருகிற தாய்மாமன் நேரே வீட்டுக்குள் போய்விட மாட்டார். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்கள் மேளத்தோடு வந்து, ஆரத்தி எடுத்து, வாங்க வாங்க என்று கையைப் பிடித்தால்தான் இறங்குவார். கோட்டைச்சாமி அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். கண்ணாடி பட்டனில் இறங்கும், கதவு பட்டனில் பூட்டும், எல்லா வசதியும் உண்டு. பாட்டு மட்டும் கிடையாது. முந்தின சொந்தக்காரர் அதைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மட்டும் விற்றிருந்தார். அந்தக் காரில் ஒரு பாட்டுப்பெட்டி மாட்டி, எல்லையில் நிறுத்தி, ஊரே நடுங்குகிற மாதிரிப் போட்டால் கவுரவம் தானாக வந்து இறங்காதா?

தேனியில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி பேர் ஜெயசீலன். தாடி வைத்த, சாந்தமான ஆள். அவர் சொன்னார்: "மொதத் தடவைன்னா ஆசைப்பட்டு எல்லாத்தையும் வாங்காதீங்கண்ணே. முன்கதவு ரெண்டுக்கும் நல்ல ஸ்பீக்கரு, பாட்டுப் போட ஒரு டெக்கு. அது போதும். காது பழகட்டும், மத்தத அப்பறம் பாப்போம்."

போதும் என்று சொல்கிற வியாபாரியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல சரக்கை வேறு யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். கடையில் இருந்த ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பூசணிக்காய் வாங்குகிற மாதிரிதான் தம்பி, எடை இருந்தால் சத்து இருக்கும்.

"பெரியவரே, ஸ்பீக்கரக் காதுல கேட்டு வாங்கணும்" என்றார் ஜெயசீலன்.

"கேக்குறதுக்கு ஊரு இருக்கு. தூக்குறது நாங்கதான?" என்றேன்.

இருப்பதிலேயே கனமான ஒரு ஊபரைக் காட்டினேன். ஊபர் என்றால் தெரியுமில்லையா, டம்டம் என்று அடிவயிற்றில் இடிக்கிற சத்தத்துக்கென்றே தனியாக ஒரு பெட்டி. டிக்கி முழுக்க அடைத்துக்கொள்ளும் அளவு. அட்டையில் வாட்ஸ் என்று ஒரு எண் போட்டிருந்தது. எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் பார்த்தால் கூச்சப்பட்டு அணைந்துவிடும், அப்படி ஒரு எண்.

"அது கம்பெனிக்காரன் ஆசைக்குப் போடுறதுண்ணே. அத நம்பாதீங்க" என்றார்.

கோட்டைச்சாமி என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் திறந்தேன். முடிந்தது. அதற்கப்புறம் ஜெயசீலன் புத்தி சொல்வதை நிறுத்திவிட்டு, அந்த ஊபருக்கு ஆம்ப்ளிபயர் வேண்டும், ஆம்ப்ளிபயருக்குத் தடித்த வயர் வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும். கடைசியில் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "இஞ்சின் ஓடறப்ப மட்டும் போடுங்கண்ணே. நிப்பாட்டிட்டுப் போட்டா இந்த பேட்டரி தாங்காது. மாட்டுறத நம்ம கடையிலயே மாட்டிருவோம்."

கடையில் எதற்கு? நான் எதற்கு இருக்கிறேன்? எங்கள் ஊர்த் திருவிழா மைக்செட்காரருக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் உட்கார்ந்தவன் நான். அவர் ஒரு வயரைக்கூடத் தொட விட்டதில்லை. பார்த்தே கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நானே மாட்டினேன். கரண்டு வயர் ஒரு பக்கம், பாட்டு வயர் ஒரு பக்கம் என்று பிரித்துப் போடச் சொல்லி அட்டையில் படம் போட்டிருந்தான். புதுச் சாமானை வாங்கி வந்து முதல் நாளே பிரித்துப் போடுவார்களா? இரண்டையும் சேர்த்து முறுக்கி மஞ்சள் கயிற்றால் கட்டினேன். பார்க்கவே லட்சணமாக இருந்தது. இஞ்சினைப் போட்டதும் பாட்டுக்குள்ளே ங்ஙொய்ய் என்று ஒரு இரைச்சல். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது.

"என்ன மச்சான், கொசு பூந்த மாதிரி கேக்குது?"

"இஞ்சின் பாட்டுக்குள்ள மூக்க நொழைக்குது மாப்பிள்ளை. அத அணைச்சுப் பாருங்க."

அணைத்தார். இரைச்சல் போயே போய்விட்டது. நோய் எதுவென்று கண்டுபிடித்தாயிற்று, மருந்தும் கொடுத்தாயிற்று. இனிமேல் பாட்டுப் போட்டால் இஞ்சினை அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது கதவு. ஊபர் இடிக்க இடிக்கக் கதவுத் தகரம் நாலும் கடகடவென்று பல்லைக் கடித்தது. ஜெயசீலனுக்குப் போன் போட்டால், கதவுக்குள் ஒட்டுவதற்கென்று ஒரு ஷீட் வருகிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். போடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பொருளை அடைப்பதற்கு ஷீட் தேடித் தேனிக்குப் போவதா? மலை முழுக்க இலவமரம், ஊர் முழுக்கப் பஞ்சு. நேரே மெத்தைக்காரரிடம் போனேன்.

"என்ன கட்டிலு, ஒத்தையா ரெட்டையா?" என்றார்.

"நாலு கதவு" என்றேன்.

அவர் மூட்டையைக் கட்டிக் கொடுத்தார். கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றி, சந்து, பொந்து, கம்பி, நெம்புகோல் ஒன்று விடாமல் சுற்றிப் பஞ்சைத் திணித்து, மத்தால் இடித்து இடித்து அடைத்தேன். அதற்கப்புறம் கதவைத் தட்டிப் பார்த்தால் தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது. வெள்ளத்தாய் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கதவு தெறக்கறதுக்கு முக்குதுண்ணே" என்றாள்.

"புதுசும்மா. பழகும்."

சத்தம் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? சத்தியம் பண்ணியிருக்கிறேன், அதனால் கூட்டிச் சொல்ல மாட்டேன். முதல் நாள் போட்டபோது பக்கத்து வீட்டு முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சி மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுநாள் காலையில், எங்கள் வீட்டு மரத்துக்குக் கீழேயும் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்துங்கள் என்று தெருவே வரிசையில் நின்றது. தயிருக்கு உறை ஊற்றி வைத்த பாலெல்லாம் தயிராகாமல் நேரே வெண்ணெயாகிவிட்டது. பஞ்சாயத்து அடிகுழாய் ஒன்று வெகுகாலமாகக் காற்றை மட்டும் கக்கிக்கொண்டு நின்றது. எங்கள் கார் தெரு முனையில் திரும்பினதும் அது தானாகத் தண்ணீர் கொட்டியது. நான் பார்க்கவில்லை. சொன்னவர் பொய் சொல்லமாட்டார். அவருக்கும் நான்தான் சொன்னேன்.

காதுகுத்து நாளும் வந்தது. டிக்கியில் ஊபர் உட்கார்ந்துவிட்டதால் சீர்த்தட்டு வைக்க இடமில்லை. வெள்ளத்தாயைப் பின்சீட்டில் உட்கார வைத்து மடியிலும் பக்கத்திலும் தட்டுகளை அடுக்கினோம். பழத்தட்டு, பட்டுச்சட்டைத் தட்டு, தோட்டுத் தட்டு. மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. கோட்டைச்சாமி புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஓட்டினார். நான் அவர் பக்கத்தில்.

ஊர் எல்லையில் பாலம் ஏறினதும் நிறுத்தினோம். சுருளிவேல் அதற்கு முன்னமே வந்து இறங்கி, பந்தலில் மடியை விரித்து உட்கார்ந்துவிட்டான் என்று எதிரே வந்த ஒருத்தர் சொன்னார். கோட்டைச்சாமிக்கு முகம் செத்துவிட்டது.

"கண்ணாடிய ஏத்துங்க மாப்பிள்ளை. கதவப் பூட்டுங்க. சத்தம் ஒழுகக் கூடாது. இஞ்சின அணைங்க. போடுங்க பாட்ட" என்றேன். வெளியில் இருந்து கேட்டால் எப்படி இருக்கிறது என்று பார்க்க, அவர் பூட்டுவதற்கு முன்னால் நான் மட்டும் இறங்கிக்கொண்டேன்.

ஐயோ, அந்தச் சத்தம். பாலத்துக்கு அடியில் துவைத்துக்கொண்டிருந்தவர்களின் துணி தானாகப் பிழிந்துகொண்டது. ஊருக்குள்ளே இருந்த மேளக்காரர்கள் போட்டிக்கு வேறு செட்டு வந்துவிட்டது என்று பதறி எங்களைப் பார்த்து ஓடிவர ஆரம்பித்தார்கள். அவர்கள் தலை தெரிந்த நேரத்தில் ஊபர் ஒரு விக்கு விக்கியது. அப்புறம் இன்னொரு விக்கு. அப்புறம் ஒன்றுமில்லை.

பேட்டரி.

கோட்டைச்சாமி பட்டனை அமுக்குகிறார், கண்ணாடி இறங்கவில்லை. பூட்டை இழுக்கிறார், எடுக்கவில்லை. கதவுக்குள் இருக்கிற கம்பியெல்லாம் என் பஞ்சுக்குள் சுகமாகத் தூங்குகிறது. பின்னால் திரும்பிப் பார்க்கிறார், டிக்கிப் பக்கம் ஊபர் சுவர் மாதிரி நிற்கிறது. வெள்ளத்தாய் பக்கத்துக் கதவை நான் வெளியே இருந்து இழுத்துப் பார்த்தேன். கைப்பிடிதான் கையோடு வந்தது. நான் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குள் மேளம் வந்துவிட்டது. பவுனு, பவுனு புருஷன் தங்கமுடி, ஆரத்தித் தட்டோடு பெண்கள், எல்லாரும் வந்து காரைச் சுற்றி நின்றார்கள். கோட்டைச்சாமி உள்ளே இருந்து கத்துகிறார். வாய் அசைவது முன்கண்ணாடியில் நன்றாகத் தெரிகிறது. ஒரு எழுத்து வெளியே வரவில்லை தம்பி. பஞ்சு அடைத்த நேர்த்தி அப்படி. கண்ணாடியைப் படபடவென்று தட்டுகிறார். மேளக்காரர்கள் அந்தத் தட்டுக்கு ஏற்ற மாதிரி வாசிக்கிறார்கள்.

தங்கமுடி என்னிடம் வந்தார். "என்னண்ணே, மச்சான் எறங்க மாட்டேங்குறாரு?"

நான் என்ன செய்வேன்? கவுரவத்துக்காக வந்த மனுஷன் கதவு திறக்காமல் மாட்டிக்கொண்டார் என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதா? "கோவமா இருக்காரு" என்றேன். அதில் பொய் இருக்கிறதா? கோபமாகத்தான் இருந்தார்.

"யாரு மேல?"

"ஒங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

அவ்வளவுதான். தாய்மாமன் முறுக்கிக்கொண்டு வண்டியை விட்டு இறங்காமல் இருப்பது நம் பக்கம் புதுசா? கூட்டம் மொத்தமாகத் திரும்பிப் பவுனு மாமியாரைப் பார்த்தது. "மூத்தவுக எளையவுக இல்லைன்னு நீ எதுக்குத்தா வாய விட்ட? மனுசனுக்கு வலிக்காதா?" என்று ஒரு கிழவி கேட்டாள். மாமியார் ஆரத்தித் தட்டைத் தானே வாங்கி ஒரு சுற்று சுற்றினாள். உள்ளே வெயில் தாங்காமல் கோட்டைச்சாமி சட்டையைக் கழற்றினார்.

"சட்டையக் கழட்டிட்டாருப்பா. இனிமே சமாதானம் ஆவாரா?" என்றார்கள்.

தங்கமுடி ஓடிப்போய் மாலை கொண்டுவந்தார். உள்ளே இருந்து கோட்டைச்சாமி 'திறந்துவிடுங்கள் சாமி' என்கிற மாதிரி இரண்டு கையையும் கூப்பினார்.

"கும்புட்டுட்டு அப்பிடியே திரும்பிப் போறேங்குறாரு" என்று விளக்கம் சொன்னேன். பவுனு வண்டி மேல் விழுந்து, "அண்ணே, ஒன் தங்கச்சி முகத்துக்காக எறங்குண்ணே" என்று அழுதாள். அவர் உள்ளே அழுதார். வெள்ளத்தாய் பின்சீட்டில் தட்டுக்கு நடுவே அழுதாள்.

செய்தி பந்தலுக்குப் போய், சுருளிவேல் ஓடிவந்தான். சிங்கப்பூர்ச் சட்டையோடு மண்ணில் விழுந்து கும்பிட்டான். "அண்ணே, எனக்கு மடி வேணாம்ணே. ஊரறியச் சொல்றேன், நம்ம குலசாமி மேல ஆணையா நான் உக்கார மாட்டேன். பவுனு புள்ளைக்கு ஒம் மடிதாண்ணே."

பார்த்தீர்களா? சீரில் ஜெயிக்க முடியாததை ஜெயித்தாயிற்று. மடி கோட்டைச்சாமியுடையது. ஊரே ஒத்துக்கொண்டது. இறங்கி வந்து உட்கார வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துக் காது குத்துகிற ஆசாரி வந்தார். "நல்ல நேரம் முடியப் போகுது. ராகுகாலம் பொறந்துட்டா நான் ஊசியத் தொட மாட்டேன். எந்த மடின்னு சொல்லுங்க" என்றார்.

இளையவன் ஆணையிட்டுவிட்டான். மூத்தவர் இறங்கவில்லை. எல்லாரும் முன்கண்ணாடியைப் பார்த்தார்கள். கோட்டைச்சாமி விரலை நீட்டி என்னைக் காட்டினார். சத்தியமாக என்னைத்தான். என்னைக் காட்டி, கதவைக் காட்டி, அப்புறம் இரண்டு கையாலும் ஒரு கழுத்தைப் பிடித்து நெரிக்கிற மாதிரிச் செய்தார்.

"என்ன சொல்றாரு?" என்றார் தங்கமுடி.

கழுத்து என்றால் உயிர். உயிருக்கு உயிரான மச்சான் என்கிறார். இதுகூடவா தெரியாது எனக்கு? "அவருக்குப் பதிலா என்னைய உக்காரச் சொல்றாரு" என்றேன்.

முறைப்படி பார்த்தால் நான் அந்தப் பிள்ளைக்குப் பெரியப்பா முறை ஆகிறேன். பெரியப்பா மடியில் உட்கார வைத்து யாரும் காது குத்தினதில்லை என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நேரம் ஓடுகிறது, முறை பார்க்க முடியுமா? போய் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஒரு காது குத்தினதும் வீல் என்று கத்தியது பாருங்கள்.

பாலத்தில் அதே நேரம் சுருளிவேலின் வேன் டிரைவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது கோவம் இல்லப்பா, பேட்டரி" என்று சொல்லித் தன் வண்டியிலிருந்து வயர் போட்டுக் கரண்டு கொடுத்திருக்கிறான். அதிகப்பிரசங்கி. பாட்டு விட்ட இடத்தில் இருந்து முழுச் சத்தத்தில் ஆரம்பித்தது. பந்தக்கால் ஆடியது. பிள்ளை அழுகையை அப்படியே நிறுத்தி, வாயைப் பிளந்து, சத்தம் வந்த திசையைப் பார்த்தது. ஆசாரி அந்த இடைவெளியில் இன்னொரு காதையும் குத்தி முடித்துவிட்டார். மாட்டின சிஸ்டம் வீண் போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கண்ணாடி இறங்கினதும் அது வழியாகவே வெளியே விழுந்து, சட்டையில்லாமல், தோட்டுத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கோட்டைச்சாமி பந்தலுக்கு ஓடிவந்தார். பிள்ளை என் மடியில் இருந்தது. இரண்டு காதிலும் மஞ்சள் வைத்திருந்தது. அவர் அங்கேயே நின்றார். தட்டைக் கீழே வைத்தார். தன் மடியை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"மச்சான்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. வெள்ளத்தாயும் பேசுவதில்லை. சில பேருக்கு நன்றி மிஞ்சிவிட்டால் வாயடைத்துப் போய்விடும். நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மடி கொடுத்த மாமனுக்கு என்று எடுத்து வைத்திருந்த வேட்டி துண்டைச் சபையில் எனக்குத்தான் கட்டினார்கள். சபையில் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் மரியாதையாக இருக்குமா? இதோ கட்டியிருக்கிறேனே, அகலக்கரை, மயில்கழுத்து நிறம், அந்த வேட்டிதான். தொட்டுப் பாருங்கள். எத்தனை துவைத்தாலும் கரை மங்கவில்லை.

உங்கள் காருக்கும் கதவு கடகடக்கும் தம்பி, கட்டாயம் கடகடக்கும். ஷீட் கீட் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், நானே மத்தோடு வந்து அடைத்துத் தருகிறேன். இந்தக் கதையையும் நாலு பேருக்குச் சொல்லுங்கள், புதுசாக மாட்டுகிறவர்களுக்குப் பிரயோஜனப்படும். ஆனால் யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று சொல்லலாம். வயசானவர் என்றுகூடச் சொல்லலாம். வேட்டியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். வேட்டியைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.